ஒரு சோறு பதம் பார்த்த பேராசிரியர்

பானையில் சோறு கொதிக்கிறது. வெந்துவிட்டதா என்று பார்க்க நம் வீட்டு அம்மா என்ன செய்கிறார்? பானைச் சோற்றையெல்லாம் கொட்டிப் பார்ப்பதில்லை. அகப்பையால் நன்றாகக் கிண்டிவிட்டு, இரண்டு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார். வெந்துவிட்டது என்றால் வெந்துவிட்டதுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் இதைத்தான்.

நம் தேயிலைத் தொழிலிலும் இப்படித்தான். வந்திறங்கும் கொழுந்து முழுவதையும் இலை இலையாக யாரும் சோதிப்பதில்லை. ஒரு கைப்பிடி எடுத்து, நல்ல கொழுந்து எத்தனை, முற்றிய இலை எத்தனை என்று பிரித்துப் பார்ப்பார்கள். அந்தக் கைப்பிடியைக் கொண்டே மொத்தச் சரக்கின் தரத்தையும் சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சின்னஞ்சிறு வேலையை ஒரு பெரிய அறிவியலாக வளர்த்து, ஒரு நாட்டு மக்களின் பசியையும் வறுமையையும் அளப்பதற்கு அதையே கருவியாக்கிய ஒரு பேராசிரியர் இருந்தார். அவர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவருடைய வரலாற்றை நம் மாணவ மணிகளும், அவர்களைப் படிக்க வைக்கப் பாடுபடும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண் என்பவர் கிழக்கு வங்காளத்து விக்கிரம்பூரிலிருந்து பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தவர். சிறியதாக ஒரு மருந்துக் கடை வைத்து முன்னுக்கு வந்தார். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சாமல், அந்தக் காலத்திலேயே ஒரு கைம்பெண்ணை மணந்துகொண்டவர் அவர். சரியென்று பட்டதைச் செய்யும் அந்தத் துணிவு பேரனுக்கும் வந்து சேர்ந்தது.

கல்கத்தாவில் பள்ளிப் படிப்பை முடித்து, மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து 1912இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். இலண்டனில் படிப்பதுதான் அவருடைய எண்ணம். கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்க ஒருநாள் போனவர், திரும்பி வரவேண்டிய கடைசி ரயிலைத் தவற விட்டுவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரோடு தங்க நேர்ந்தது. அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் அழகு அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டதால், மறுநாளே அங்கு இடம் கேட்டு, கிடைத்ததும் சேர்ந்துவிட்டார். ரயிலைத் தவற விட்டதும் ஒரு நல்லதற்குத்தான் ஆயிற்று!

கும்பகோணத்து நண்பர்

கேம்பிரிட்ஜில் அவருக்கு ஒரு தமிழர் நண்பரானார். அவர் வேறு யாருமல்லர், கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன்தான். 1914இல் இராமானுஜன் அங்கே வந்து சேர்ந்தார். குளிரென்றால் என்னவென்று நம் கேமரன் மலைவாசிகளுக்கு ஓரளவு தெரியும். ஆனால் இங்கிலாந்துக் குளிர் வேறு மாதிரி. ஒருநாள் மகலனோபிஸ் நண்பரின் அறைக்குப் போனபோது, இராமானுஜன் குளிரில் வாடிக் கிடந்தார். இரவில் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லையாம். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்து அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்திருக்கிறார்! எப்படிப் படுப்பது என்று மகலனோபிஸ் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். உலகமே வியந்த மேதைக்கும் ஒரு சின்ன விஷயம் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர் கேலி செய்யாமல் சொல்லிக் கொடுப்பதுதான் நட்பு.

இன்னொரு நாள் ஒரு பத்திரிகையில் வந்த கணக்குப் புதிரோடு மகலனோபிஸ் போனார். ஒரு தெருவில் வரிசையாக வீடுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் வலப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் எண் என்ன? இதுதான் கேள்வி. மகலனோபிஸ் சிறிது நேரம் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்திருந்தார். அடுப்பின் முன் நின்று காய்கறி கிண்டிக்கொண்டிருந்த இராமானுஜனோ, கிண்டுவதை நிறுத்தாமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இந்த மாதிரி எத்தனை தெரு இருந்தாலும் அத்தனைக்கும் விடை தரும் ஒரு வழியைச் சொல்லிவிட்டார்.

மாணவர்களே, விடை இதுதான்: 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் எண் வீடு. சிறிய தெருவில் முதலில் போட்டுப் பாருங்கள். எட்டு வீடு உள்ள தெருவில் ஆறாம் எண் வீட்டுக்கு முன்னால் 1, 2, 3, 4, 5. கூட்டினால் 15. பின்னால் 7, 8. கூட்டினால் அதுவும் 15. சரிதானே?

கப்பலில் படித்த புத்தகம்

1915இல் படிப்பு முடிந்தது. ஊருக்குப் போய்விட்டு மறுபடி வந்து ஆராய்ச்சி செய்யலாம் என்று கிளம்பினார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் பயணம் சற்றுத் தள்ளிப்போயிற்று. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் ஒருவர் ஒரு பத்திரிகையை அவருக்குக் காட்டினார். ‘பயோமெட்ரிகா’ என்பது அதன் பெயர். மனிதரின் உயரம், எடை, நோய், பிறப்பு, இறப்பு முதலியவற்றைக் கணக்கால் ஆராயும் பத்திரிகை அது. கிடைத்த தொகுதிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். கரை இறங்கும்போது அவர் மனம் மாறிவிட்டது. பௌதிகம் படித்தவர் புள்ளியியல் என்னும் புதுக்கலையைப் பிடித்துக்கொண்டார்.

கல்கத்தாவில் தாம் படித்த அதே கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார்.  பகலில் பௌதிகம், மற்ற நேரத்தில் புள்ளிவிவரம் என்று வாழ்க்கை ஓடியது. மனிதர்களின் உடல் அளவுகளை வைத்து அவர் எழுதிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1922இல் வெளிவந்தது. ஒரு கூட்டத்தாருக்கும் இன்னொரு கூட்டத்தாருக்கும் உள்ள வேற்றுமையை ஒரே ஓர் அளவை வைத்துச் சொல்லாமல், பல அளவுகளையும் ஒன்றுசேர்த்துச் சொல்லும் வழியைப் பின்னர் கண்டுபிடித்தார். மகலனோபிஸ் தூரம் என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. மருத்துவ ஆராய்ச்சி முதல் கணிப்பொறித் துறை வரை இன்றும் அது பயன்படுகிறது.

1923இல் நிர்மலகுமாரி என்ற அம்மையாரை மணந்தார். கவி இரவீந்திரநாத் தாகூர் இந்தத் தம்பதியரிடம் மிகுந்த அன்பு வைத்திருந்தார். தாகூர் நிறுவிய விசுவபாரதியில் மகலனோபிஸ் பத்தாண்டுக் காலம் செயலாளர்களில் ஒருவராகப் பணி செய்தார்.

வெள்ளம் சொன்ன பாடம்

1922இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தைத் தேக்கிவைக்கப் பெரும் செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டவேண்டும் என்று பொறியாளர் குழு முடிவு செய்தது. மகலனோபிஸிடம் கேட்டார்கள். அவர் உடனே கருத்துச் சொல்லவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்து வைத்து வரி வரியாகப் பார்த்தார். தேக்கத்தால் பயன் இராது, தண்ணீர் விரைவாக வடிந்து ஓட வழி செய்வதுதான் தேவை என்று காட்டினார்.

1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு கரை புரண்டது. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்துவிட்டது, ஆகவே கரையைப் பல அடி உயர்த்தவேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். இவர் அறுபது ஆண்டுக் கணக்கைப் புரட்டி, ஆற்றின் அடிமட்டம் உயரவே இல்லை, மேலே மலைப்பக்கம் மழை அதிகம் பெய்ததுதான் காரணம், கரையை உயர்த்துவதை விட மேலே அணை கட்டுவதே நல்லது என்று சொன்னார். பிற்காலத்தில் மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்ததற்கு (1957) அவருடைய இந்த ஆராய்ச்சியும் துணை நின்றது.

கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம் என்று பேசுவது வேறு, பல ஆண்டுக் கணக்கை வைத்துப் பேசுவது வேறு. மலைச்சரிவில் வாழும் நமக்கு மழையின் அருமையும் தெரியும், அச்சமும் தெரியும். இந்தப் பாடம் நமக்கும் உரியது.

ஓர் அறையில் பிறந்த நிலையம்

1931 டிசம்பர் 17ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. இந்தியப் புள்ளியியல் நிலையம் தொடங்குவதென்று அன்று முடிவாயிற்று. கட்டடம் கிடையாது. கல்லூரியில் மகலனோபிஸின் அறைதான் நிலையம். முதல் ஆண்டு முழுவதற்கும் ஆன செலவு 238 ரூபாய்! இரண்டு ஆண்டு கழித்து, 1933இல், ‘சங்கியா’ என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையையும் தொடங்கினார். ஓர் அறையில் பிறந்த அந்த நிலையம் வளர்ந்து வளர்ந்து, 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாகியது. அங்கே அவரிடம் பணியாற்றி வளர்ந்தவர்களில் சி.ஆர். ராவ், ஆர்.சி. போஸ் முதலியோர் உலகப் புகழ் பெற்றார்கள். நிலையத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பேராசிரியர் என்றால் அவர் ஒருவர்தான்.

பிடி சணலும் ஒரு நாட்டுக் கணக்கும்

1937இல் வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. சணல் விற்றுத்தான் இலட்சக் கணக்கான குடியானவர்கள் வாழ்ந்தார்கள். எவ்வளவு விளையும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் விலை தாறுமாறாகும், நட்டம் குடியானவன் தலையில் விழும். வயல் வயலாக எண்ணினால் என்ன என்றார்கள் பலர். கோடிக் கணக்கான வயல் துண்டுகள். பேராசிரியரோ, சில ஆயிரம் வயல்களைப் பார்த்தால் போதும் என்றார்.

எந்த வயல்களை? இங்கேதான் சூட்சுமம். கூடையின் மேலே இளங்கொழுந்தைப் பரப்பி அடியில் முற்றிய இலையை வைத்திருந்தால், மேலே ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். சோற்றைக் கிண்டாமல் மேல் பருக்கையை எடுத்தாலும் அப்படியே. கணக்கெடுக்கப் போகிறவர் ரோட்டோரம் இருக்கும் வயலை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் கணக்கு பொய்யாகும். ஆகவே சீட்டுக் குலுக்கி எடுப்பது போல, யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல் வயல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்த வயல் சேற்றுக்கு அப்பால் இருந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும்.

அதோடு விடவில்லை. ஒரே வட்டாரத்துக்குத் தனித்தனியாக இரண்டு குழுக்களை அனுப்பினார். ஒரு குழு போனது மற்றதற்குத் தெரியாது. இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் நம்பலாம். ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு. ஒரே கூடையை இரண்டு தராசில் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பது போலத்தான் இது. இன்னொன்றையும் கண்டார். வயலில் சிறிய வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் பயிரை அறுத்து நிறுத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது. ஏன்? வட்டத்தின் விளிம்பில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் மனிதனுக்குக் கை வருகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே நேரும் பிழை அது. வட்டத்தைப் பெரிதாக்கினால் அந்தப் பிழை குறைந்துவிடும். இவ்வளவு நுட்பமாக மனிதனின் கையையும் மனத்தையும் கவனித்தவர் அவர்.

முடிவு என்ன தெரியுமா? 1941இல் வயல் வயலாக முழுவதும் எண்ணிய கணக்கை விட, பேராசிரியரின் மாதிரிக் கணக்குத்தான் சந்தைக்கு உண்மையிலே வந்த சணலின் அளவோடு நெருங்கி நின்றது. செலவோ முழுக் கணக்கெடுப்பின் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்! ஆயிரம் பேரை அரைகுறையாகப் பார்ப்பதை விடப் பத்துப் பேரை ஒழுங்காகப் பார்ப்பது மேல் என்பது நிலைநாட்டப்பட்டது.

பஞ்சத்தின் கணக்கு

இனிச் சொல்லப்போவது துயரமான பகுதி.

1943இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. போரில் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. 1942 அக்டோபரில் மேதினிப்பூர்ப் பக்கம் புயல் அடித்தது. விலை ஏறியது. காசு உள்ளவன் பதுக்கினான். கூலிக்காரனுக்கு அரிசி எட்டாக்கனியாயிற்று. கல்கத்தா வீதிகளிலேயே மக்கள் விழுந்து செத்தார்கள். அரசாங்க விசாரணைக் குழு ஏறக்குறைய 15 இலட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பிற்கால அறிஞர்கள் பலர் அது 30 இலட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் 15 இலட்சம் உயிர்கள்! எண்ணி வைக்க ஆள் இல்லாததால் அத்தனை உயிர்களும் ஒரு சந்தேகமாகிப் போய்விட்டன.

மகலனோபிஸும் அவருடைய உதவியாளர்களும் 1944, 1945ஆம் ஆண்டுகளில் வங்காளக் கிராமங்களுக்குப் போனார்கள். பஞ்சம் பாதித்த வட்டாரங்களில் மாதிரியாக எடுத்த கிராமங்களில், பல்லாயிரம் குடும்பங்களின் நிலையை வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். பஞ்சத்துக்கு முன் எவ்வளவு நிலம் இருந்தது? இப்போது எவ்வளவு? எந்தத் தொழில் செய்தார்கள்? இப்போது என்ன செய்கிறார்கள்? எல்லாம் எழுதினார்கள்.

விடை தெளிவாக வந்தது. பஞ்சம் எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. நிலமில்லாத விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைத்தொழிலாளர்கள் ஆகியோரைத்தான் கொடுமையாக அடித்தது. சிறிது நிலம் வைத்திருந்தவர்கள் ஒருவேளைச் சோற்றுக்காக அதை விற்றுக் கூலிகளானார்கள். பஞ்சம் என்றால் நாட்டில் அரிசி இல்லை என்பது மட்டுமல்ல, யார் கையில் காசு இல்லை என்பதுதான் முக்கியம் என்பதை அந்தக் கணக்கு எடுத்துக் காட்டியது. அதே காலத்தில் கல்கத்தா அருகே ஜகத்தல் என்னும் ஊரில் சணல் ஆலைத் தொழிலாளர்களின் வீட்டு வரவு செலவையும் அவருடைய நிலையம் ஆராய்ந்தது. கூலிக்காரன் வீட்டு அரிசிச் செலவும் எண்ணெய்ச் செலவும் ஆராய்ச்சிக்கு உரியவை என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி.

இதைப் படிக்கும்போது நமக்கு நம் கதை நினைவு வராமல் போகாது. அதே 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் ஆயிரக் கணக்கில் சயாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மரண ரயில் பாதை போடத்தான்! காய்ச்சலிலும் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அங்கே மடிந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கு இருக்கிறது. காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களை விட எத்தனையோ மடங்கு அதிகமாக மடிந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் நம் தமிழர் எத்தனை பேர்? முழுப் பட்டியல் ஒன்றும் இல்லை. பாட்டன் போனார், வரவில்லை என்று மட்டும் பல வீடுகளில் சொல்வார்கள். எண்ணப்படாதவன் செத்த பிறகும் மறக்கப்படுகிறான். கணக்கு என்பது வெறும் எண்ணல்ல, அது ஒரு மனிதன் இருந்தான் என்பதற்குச் சாட்சி.

எண்ணியதால் உயிர் பிழைத்த கதையும் இந்த நாட்டிலேயே உண்டு. 1901இல் கிள்ளான் வட்டாரத்துக்கு வந்த மல்கம் வாட்சன் என்ற டாக்டர், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை என்று எழுதி வைத்தார். எந்தத் தோட்டத்தில் மலேரியா அதிகம் என்பது அதனால் தெரிந்தது. கால்வாய் வெட்டித் தேங்கிய நீரை வடித்த இடங்களில் அந்த எண் இறங்கியது, சாவும் குறைந்தது. பிள்ளையின் வயிற்றில் வைத்த கைதான் பல தோட்டங்களைக் காப்பாற்றியது என்றால் மிகையாகாது.

ஒரு நாட்டின் சமையலறைக் கதவு

இந்தியா விடுதலை பெற்ற பின் பிரதமர் நேரு, மகலனோபிஸை 1949இல் அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகராக்கினார். நாட்டின் வருமானம் எவ்வளவு என்று கணக்கிட அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். உட்கார்ந்து பார்த்தால், மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள் என்பதற்குச் சரியான விவரமே இல்லை. ஆகவே 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது.

கணக்கெடுப்பாளர்கள் காடு மேடெல்லாம் நடந்து, குலுக்கலில் வந்த கிராமங்களைத் தேடிப் போனார்கள். ஊருக்கு ஒரு மொழி. ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றவேண்டும். வீட்டுத் தலைவியிடம் உட்கார்ந்து, போன மாதம் எவ்வளவு அரிசி வாங்கினீர்கள், எவ்வளவு பருப்பு, எவ்வளவு துணி என்று கேட்பார்கள். குழந்தை பிறந்ததா, யாராவது இறந்தார்களா, நோயில் படுத்தார்களா என்பதும் பிந்திய சுற்றுகளில் கேட்கப்பட்டது. இப்படித்தான் கோட்டையில் இருப்பவர்களுக்குக் குடிசையின் சமையலறைக் கதவு திறந்தது. இந்தியாவில் வறுமைக் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று பின்னாளில் சொல்லப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்தவையே. இந்த முறையைப் பார்த்து உலக நாடுகள் பலவும் கற்றுக்கொண்டன. ஐக்கிய நாட்டுச் சபையின் மாதிரிக் கணக்கெடுப்புத் துணைக்குழுவிலும் அவர் தலைமை வகித்தார். 1950இல் கல்கத்தாவில் தொடங்கிய அனைத்துலகப் புள்ளியியல் கல்வி மையத்துக்குத் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் போனார்கள்.

குறையும் நிறையும்

பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது குறையை மறைப்பது சரியல்ல. மகலனோபிஸ் 1956இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படை வகுத்துக் கொடுத்தார். எஃகு, இயந்திரம் போன்ற கனரகத் தொழில்களுக்கு அதில் முதலிடம். உழவுக்குப் போதிய இடம் தரவில்லை என்று பலர் குறை சொன்னார்கள். 1960களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் குறைகூறல் வலுத்தது. மேலும், அவர் தாம் பிடித்த பிடியை எளிதில் விடாதவர். உடன் வேலை செய்தவர்கள் சிலருக்கு அது கசந்தது. ஆனால் அவர் செய்ததைச் சரிபார்க்கவும் தவறென்று சொல்லவும் தேவையான கணக்கை மக்கள் கையில் கொடுத்தவரும் அவரேதான். தன் கூடையை இரண்டாவது தராசில் வைக்க அஞ்சாதவன்தான் நேர்மையானவன்.

1945இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1968இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது அளித்தது. கல்கத்தாவின் வடக்கே வராநகரில், மரங்கள் சூழ்ந்த ஆம்ரபாலி என்ற வீட்டில் வாழ்ந்தார். ஓய்வு என்பதே அவர் அறியாதது. நிலையத்தின் பொறுப்பில் இருந்தபடியே, 1972 ஜூன் 28ஆம் நாள் காலமானார். மறுநாள் அவருக்கு 79ஆவது பிறந்தநாள். அந்த ஜூன் 29ஆம் நாளை 2007 முதல் இந்தியா புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.

நாம் செய்யவேண்டியது

கணக்கு கடைசியில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. மலேசியாவிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் அது 2020இலும் நடந்தது. வீட்டு வருமானம் பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பும் உண்டு. ஆயிரம் வீட்டில் ஒரு வீடாக உங்கள் வீடு வந்துவிட்டால், நீங்கள் சொல்லும் பதில் உங்களுக்காக மட்டுமல்ல, உங்களைப் போன்ற பல நூறு குடும்பங்களுக்காகவும் பேசுகிறது. நீங்கள்தான் அந்த ஒரு சோறு! கௌரவத்துக்காகச் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால், வறுமையே இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். எதற்கடா வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டால், நாம் இருப்பதே அந்த ஏட்டில் ஏறாது.

பெற்றோர்களே, பிள்ளை பிறந்தால் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேரவும் அடையாள அட்டை எடுக்கவும் திண்டாடும் பிள்ளைகள் நம் சமுதாயத்தில் உண்டு. ஒரு தாளை வாங்கி வைக்காததால் ஒரு பிள்ளையின் வாழ்வே தடுமாறுகிறது. பதிவு செய்வதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போன்ற கடமைதான்.

மாணவச் செல்வங்களே, கணக்குப் பாடம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்! கூட்டலும் கழித்தலும் பரீட்சைக்கு மட்டும் அல்ல. உங்கள் வகுப்பில் இந்த மாதம் காய்ச்சலால் வராதவர்கள் எத்தனை பேர்? மழை நாளில் எத்தனை, வெயில் நாளில் எத்தனை? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிய வரும். மகலனோபிஸும் இப்படித்தான் மழைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை ஒரு பேராசிரியராகி, தோட்டத்து மக்களின் நலத்தை அளந்து நாட்டுக்கு எடுத்துச் சொல்வார் என்று நம்புகிறோம். அப்போது பானையை நன்றாகக் கிண்டிவிட்டு, அடியிலிருந்தும் ஒரு பருக்கை எடுத்துப் பார்க்க அவர் மறக்கக்கூடாது. நம் ஜனங்கள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறார்கள்.

வாழ்க கல்வி! வளர்க நம் பள்ளி!